வெற்றிலை போடாமல் கேட்ட பிராது

என் மச்சான் ஹமீது சுல்தானைத் தங்கமான மனுஷர் என்று புதுமடம் ஊரே சொல்லும். சொல்லட்டும். சொல்கிறவர்களா கடை வைத்திருந்தார்கள்? கயிறும் வலைநூலும் விற்கிற என் கடையில், பத்து வருஷமாக முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஊரிலுள்ள புருஷன் பெண்டாட்டிச் சண்டையெல்லாம் தீர்த்து வைத்தவர் அவர். வந்தவர்களில் ஒருத்தராவது ஒரு முழம் கயிறு வாங்கியிருப்பார்களா? மூக்கைச் சிந்தி என் நூல்கண்டில் துடைத்ததுதான் மிச்சம்.

கொழும்புத் துணிக்கடையில் இருபது வருஷம் நின்றுவிட்டு, சுதந்திரம் வந்த மறுவருஷம் ஊரோடு வந்து சேர்ந்தவர். என் லாத்தா, அதாவது அக்கா, லத்தீபாவைக் கட்டியவர். எங்கள் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிராது சொல்ல வருகிறவர் ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவர வேண்டும். அதுதான் முறை. மச்சான் அதிலேயே நாலைந்தை மடித்து வாயில் அதக்கிக்கொண்டு, "ம்" என்று தலையாட்டுவார். வந்தவர் அழுவார், ஏசுவார், மண்ணை வாரித் தூற்றுவார். ஒரு மணி நேரம் போனதும், "நானும் கொஞ்சம் கூடத்தான் பேசிட்டேன் பாய்" என்று தானே இறங்கி வருவார். மச்சான் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்து, "அதத்தான் நானும் நெனச்சேன்" என்பார். அவ்வளவுதான் தீர்ப்பு! என்ன பொறுமை, என்ன பொறுமை என்று ஊர் மெச்சும். ரெண்டு வருஷம் கூர்ந்து பார்த்து நான் கண்டுபிடித்தது வேறு. வாய் நிறைய வெற்றிலைச் சாறு இருந்தால் எந்த மனுஷனும் பொறுமைசாலிதான்.

உச்சிப்புளி ராக்கப்பன் வாரம் தவறாமல் வருவார். அவர் மனைவி ராமலெட்சுமி குழம்பில் உப்புப் போடுவதில்லையாம், கேட்டால் பதில் சொல்வதில்லையாம். இந்த உப்பில்லாத சங்கதியைக் கேட்டுக் கேட்டு எனக்கே ரத்தம் கொதிக்கும். மச்சான் மட்டும் "ம்".

வீட்டுக்குப் போனால் வேறு ஆள். ஈரத்துண்டை முகத்தில் போட்டுச் சாய்ந்துவிடுவார். லாத்தா, "இஞ்ச பாருங்க, ஒரு சேதி சொல்லணும்" என்று ஆரம்பித்தாலே போதும். "காதெல்லாம் ரொம்பிக் கெடக்கு லத்தீபா. நாளைக்குச் சொல்லு." அந்த நாளை நாலு மாதமாக வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சோற்றுக்குப் போனார். வாசலில் அவருடைய கொழும்புத் தகரப்பெட்டி, அதன்மேல் குடை. கதவு சாத்தியிருந்தது. பெட்டி நேரே என் கடைக்குத்தான் வந்தது, வேறெங்கே வரும்! மற்ற ஊரில் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவாள். இங்கே இவர் என் கயிற்றுச் சுருணைமேல் குடியேறிவிட்டார்.

ஊர்ச் சண்டையைத் தீர்க்கிறவர் சண்டையைத் தீர்க்க ஊரில் ஆளில்லை. நானே போய் லாத்தாவிடம் என்ன காரணம் என்று கேட்டேன். "ஒன்கிட்டச் சொல்ல மாட்டேன். நீ ரெண்டு வார்த்தைக்குள்ள கத்துவ" என்றாள். உண்மைதான், அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குள் தெருவே கதை கட்டிவிட்டது. மச்சான் தூக்கத்தில் 'ராமலெட்சுமி, ராமலெட்சுமி' என்று புலம்புகிறாராம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். ஐம்பது வயதில் இந்தக் கூத்தா என்று எரிச்சலில் நான் அதை அவரிடமே கேட்டுவிட்டேன். மனுஷருக்கு முகம் செத்துப்போயிற்று.

"லத்தீபாவும் அப்புடி நெனச்சிட்டாளா நெய்னா? இனி அந்த வாசல் எனக்கு இல்லையா?"

எட்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அவருக்கு. பிராது கேட்பதை மட்டும் விட்டாரா என்றால் அதுவும் இல்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை. திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சோறு வைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் ராக்கப்பன் கவுளியோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் துப்பட்டி போர்த்திய ஒரு பெண். பார்த்தால், லாத்தா!

"ராக்கப்பண்ணே, நான் மொதல்ல சொல்லிக்கிறேன்" என்று முன்னால் வந்து உட்கார்ந்தாள். "என் மாப்புள மேல பிராது."

மச்சான் ராக்கப்பனின் கவுளியைப் பிரித்தார். லாத்தா அதைப் பிடுங்கி அப்பால் வைத்தாள்.

"வெத்தல போடாமக் கேளுங்க."

"சொல்லு" என்றார்.

"ஒங்களுக்கு மேலுக்கு முடியல. நாலு மாசமா நான் சொல்ல வந்த சேதி அதுதான். பகல்ல கேட்ட சண்டையெல்லாம் தூக்கத்துல நீங்க போடுறிய. ராமலெட்சுமிகிட்ட உப்புக் கேக்குறிய. எவளோ ஒருத்தி மாப்புளகிட்ட மன்னிப்புக் கேக்குறிய. பொறவு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு எந்திரிச்சு ஒக்காந்திருக்கிய. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. ஊருக்கெல்லாம் நீங்க இருக்கிய. ஒங்களுக்கு யாரு இருக்கா? நான் ஒருத்தி இருக்கேன், நான் சொல்றதக் கேக்க ஒங்களுக்குக் காது மிச்சமில்ல. பெட்டியத் தூக்கி வெளிய வச்சாத்தான் கேப்பியன்னு வச்சேன்."

பிராது கேட்கும்போது வாயில் வெற்றிலை இல்லாமல் மச்சானை அன்றைக்குத்தான் பார்த்தேன். உதடு கோணிக்கொண்டு போய், சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். நானும் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"நான் என்ன செய்யணும் லத்தீபா?" என்றார். அந்த முக்காலியில் உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இன்னைக்கே மண்டபத்துக்கு டாக்டர்கிட்ட வாங்க. இனி வெள்ளியும் செவ்வாயும் எவரு பிராதும் கெடையாது. சாயங்காலத்துக்கு மேல நான் சொல்றது மட்டுந்தான்."

இருவரும் எழுந்தார்கள். தகரப்பெட்டியை நான்தான் தூக்க வேண்டுமாம்! தூக்கினேன்.

"பாய், அப்ப என் சங்கதி?" என்று ராக்கப்பன் கவுளியை எடுத்து நீட்டினார். பழக்கதோஷம், மச்சானின் கால் நின்றுவிட்டது. லாத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக்குச் சொல்லுங்கண்ணே."