மேலிருந்து நாலாவது சீட்டு

பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார் அந்த அக்கா. மராத்தி ஊரான கட்கியில் நான் வாடகைக்குக் கேட்டுப் போன மாடி அறையின் சொந்தக்காரர். இரண்டு சட்டை, ஒரு போர்வை, கூடவே ஒரு சீட்டுக்கட்டும் விழுந்தது.

"இன்னா தம்பி இது?"

பக்கத்திலிருக்கும் போசரியில் வேலை கிடைத்திருந்தது. படுக்கைதான் இல்லை. ஸ்டேஷனில் படுத்துக்கொண்டிருந்தேன், மழை பிடித்த பிறகு அங்கேயும் காய்ந்த இடம் கிடைக்கவில்லை. தனி ஆளுக்கு அறை தர வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

"வித்தை காட்டத்தான் அக்கா. காசு வச்சு ஆட மாட்டேன்."

"இதோ குந்தினுகிறாரே, இவரும் இதான் சொன்னாரு. ஃபேக்டரி சம்பளம் பாதி ரம்மியில போச்சு."

அவர் கணவர் டிவி பார்ப்பதுபோல என் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வித்தைன்னா காட்டு. வரலன்னா பையத் தூக்கினு போயிட்டே இரு."

இருபத்தொரு சீட்டை எடுத்தேன். அதில் ஒன்றை மனதில் நினைக்க அக்காவிடம் சொல்லி, ஏழேழாக மூன்று வரிசை பரப்பினேன். நினைத்த சீட்டு எந்த வரிசை என்று கேட்டு, அந்த வரிசையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்து அடுக்கி, மறுபடி பரப்ப வேண்டும். இப்படி மூன்று முறை செய்தால், பதினொன்றாவது சீட்டு அவருடையது. சீட்டின் முகம் பார்த்து நினைவில் வைக்கிற பழக்கம் எனக்கில்லை. எண்ணிக்கைதான் எல்லாம்.

இரண்டு முறை சரியாகப் போனது. மூன்றாம் முறை, "இந்தக் கடைசி வரிசை" என்றவர், நீட்டிய என் கையைத் தட்டிவிட்டார்.

"ஒன் கையிதான் என்னமோ பண்ணுது. நானே அடுக்கறேன்."

தன் வரிசையை மற்ற இரண்டின் மேலே வைத்து, ஓரங்களைத் தட்டிச் சீராக்கி நீட்டினார்.

பதினொன்று இனி ஆகாது. பள்ளிக்கூடம் எனக்கு எட்டாவதோடு சரி. ஆனால் இது ஏன் பலிக்கிறது என்று ரயிலின் மேல் பலகையில் உட்கார்ந்து பரப்பிப் பரப்பிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பரப்பலில் நினைத்த சீட்டு தன் வரிசைக்கு நட்டநடுவில் வந்து நின்றுவிடும். ஏழுக்கு நடு நாலு. அதன் மேல் இன்னொரு ஏழு இருந்தால்தான் பதினொன்று. இப்போது மேலே எதுவும் இல்லை.

நாலாவதைத் திருப்பினேன். கிளாவர் எட்டு.

அக்கா சீட்டையே பார்த்தார். "அதேதான்," என்றார் மெதுவாக.

"நான் அடுக்கினா வருமா?" என்று கணவர் எழுந்தார்.

"நீ சும்மா குந்துய்யா."

கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். "இது இங்கியே இருக்கும். காட்டணும்னா எம்முன்னாடி காட்டு. அவரு கேட்டா குடுத்துடாத." பிறகு சாவியை நீட்டினார்.

அறையின் ஒரு மூலை ஒழுகியது. மறு மூலையில் போர்வையை விரித்தேன். ஸ்டேஷனில் திருட்டுக்குப் பயந்து செய்ததுபோலச் செருப்பைத் தலைக்கடியில் வைக்காமல், வாசலிலேயே விட்டுவிட்டுத் தூங்கினேன்.