அடுப்பும் இங்கேதான் வாங்க வேண்டுமா?

தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு கேஸ் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். முன்பக்க மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்விகள் தினமும் அதேதான். புது கனெக்‌ஷனுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும்? ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்தால் என்ன செய்வது? பௌர்ணமி அன்று சிலிண்டர் வருமா? வராது. கிரிவலக் கூட்டத்தில் எங்கள் வண்டி நகராது.

கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு ஜெராக்ஸ் இல்லையென்று திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஒருநாள் முதலாளியிடம் சொன்னேன்.

"சார், எல்லாரும் கேக்கறத பதிலோட ஒரு போர்டுல எழுதி வெளிய மாட்டிட்டா ஜனங்களுக்கு அலைச்சல் கம்மியாகும்."

"எழுதேம்மா. உனக்கும் தொண்டைத்தண்ணி மிச்சம்" என்றார்.

வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். 'விண்ணப்பதாரர்' என்பதை அடித்துவிட்டு 'நீங்கள்' என்று போட்டேன். 'உரிய ஆவணங்கள்' என்றால் யாருக்குப் புரியும்? 'ரேஷன் கார்டு, அதன் ஜெராக்ஸ், போட்டோ' என்று மாற்றினேன். ஆபீஸ் பெருக்கும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "இன்னாம்மா அது?" என்று அவர் கேட்ட இடங்களையெல்லாம் திருத்தி எழுதினேன். அவ்வளவு அக்கறையாக அதற்கு முன் நான் எதையும் எழுதியதில்லை.

கடைசிக் கேள்வி, அடுப்பும் இங்கேதான் வாங்க வேண்டுமா என்பது. 'கட்டாயம் இல்லை. வீட்டில் நல்ல அடுப்பு இருந்தால் அதுவே போதும்' என்று எழுதினேன். விதி அதுதான். ஆனால் எங்கள் ஏஜென்சியில் அடுப்பு வாங்காதவர்களுக்குக் கனெக்‌ஷன் லேசில் கிடைக்காது. பின்னறை முழுக்க அடுப்புப் பெட்டிகள். சண்டை போடுகிறவர்களுக்கு மட்டும் அடுப்பில்லாமல் கனெக்‌ஷன் கொடுத்துவிடுவார்கள். பளிச்சென்று போர்டில் வந்துவிட்டால் இந்தக் கட்டாயம் நின்றுவிடும் என்று நம்பினேன்.

முதலாளி தலையாட்டிக்கொண்டே படித்தார். "நல்லா எழுதியிருக்க. பெயிண்டர்கிட்ட நானே குடுத்துடறேன்."

போர்டு வந்தது. வார்த்தைக்கு வார்த்தை நான் எழுதியதுதான். கடைசிப் பதில் மட்டும் வேறு. 'ஆம். உங்கள் பாதுகாப்புக்காக அடுப்பையும் இங்கேயே வாங்க வேண்டும்.'

"சார், கடைசி பதில் மாறியிருக்கு."

"நாந்தான் மாத்தினேன். மத்ததெல்லாம் நீ எழுதினபடியேதான இருக்கு?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அதற்குப் பிறகு அடுப்புக்காக யாரும் சண்டை போடவில்லை. போர்டில் சொன்னதைக் கொண்டுவந்தார்கள், வேலை ஒரே நடையில் முடிந்தது. மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது கடைசிப் பதிலை யார் சந்தேகப்படுவார்கள்? நான் எழுதிய உண்மைகளெல்லாம் அந்த ஒரு பொய்க்குச் சாட்சியாக நின்றன.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். "எங்கண்ணன் வாங்கிக் குடுத்த அடுப்பு புதுசா வீட்ல கெடக்குதுங்க. இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்டார்.

நான் குரலைத் தாழ்த்தி, "வேணாம்மா. கட்டாயம் ஒண்ணும் இல்ல. அடுப்பு வேணாம்னு உறுதியா சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். "போர்டுல வாங்கணும்னு போட்டிருக்குதே? அதப் பாத்துதான் எல்லாம் எடுத்தாந்தேன். எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?" என்றவர், எதற்கும் கேட்டுவிடலாம் என்று நேராக முதலாளி அறைக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை.

"அந்தப் பொண்ணுக்கு வெவரம் பத்தாது. நீங்க போர்டுல இருக்கறபடி செய்யுங்க" என்று முதலாளி சொன்னது என் மேஜை வரை கேட்டது.

அடுப்புப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்த அந்த அம்மா, என் பக்கத்தில் நின்று ஆதரவாகச் சொன்னார்: "நீங்களும் ஒருவாட்டி அந்த போர்டப் படிச்சிடுங்கம்மா. தெளிவா எழுதியிருக்காங்க."

அடுத்த வாரம் என்னைக் குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே கேள்வி கேட்க யாரும் வரமாட்டார்கள். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு, செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் சேர்ந்தேன். வெந்நீர் எப்போது வரும், ரூமை எப்போது காலி செய்ய வேண்டும் என்றெல்லாம் எழுதி ஒட்டச் சொன்னார்கள். எனக்கு எழுத வராது என்று சொல்லிவிட்டேன்.