வெள்ளையடித்த கல்வட்டம்

சரித்திர ஆர்வத்தால்தான் இந்தப் பயணம் போனேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் வரலாற்று வகுப்பில் எனக்குப் பிடித்தது மணியடிக்கும் நேரம் மட்டும்தான். போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் மாடி வீட்டு மெர்சி அக்கா இறங்கி வந்து, "சுதா, நாளைக்கு என்கூட வர்றியா? படம் எடுக்க ஒரு ஆள் வேணும்" என்றார். மறைமலைநகரில் ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதைவிட எதுவும் மேல் என்று கிளம்பிவிட்டேன்.

மெர்சி அக்கா கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர். எழுத்து வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள்தான் அவருக்கு உயிர். செங்கல்பட்டைச் சுற்றி ஏரிக்கு மேலே, பயிர் ஏறாத செம்மண் சரிவுகளில், அந்த மக்கள் தங்கள் இறந்தவர்களைப் புதைத்து, சுற்றிலும் உருண்டைக் கற்களை நட்டு வைத்திருக்கிறார்கள். அதுதான் கல்வட்டம். ஊர்க்காரர்களைக் கேட்டால் பாண்டவர் குழி என்பார்கள். திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஒரு கிராமத்தில் அக்கா அப்படி மூன்றைப் பார்த்திருந்தார். இரண்டைப் படம் எடுத்தாயிற்று. மூன்றாவது, இருப்பதிலேயே பெரியது, சீமைக்கருவேல முள்ளுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. அந்தச் சரிவில் கிராவல் மண் எடுக்க யாரோ அனுமதி கேட்டிருந்தார்கள். லாரிப் பாதை அந்த மூன்றாவது வட்டத்தின் மேலேயே போகும். அடுத்த வாரம் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். அதற்குள் அங்கே என்ன இருக்கிறது என்று அக்கா எழுதிக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் வட்டமும் போய்விடும், சரிவும் போய்விடும்.

காலை ஆறரைக்கு மின்சார ரயில், செங்கல்பட்டுக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து பேருந்தில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், முப்பது கிலோமீட்டர் சொச்சம். போகிற வழியில்தான் அந்தக் கிராமம், ஆனாலும் இறங்கவில்லை. அங்கே எங்களுக்கு இடத்தைக் காட்ட வேண்டிய ஊர்க்காரர் ஏழுமலை ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர், பதினொரு மணிக்கு முன்னால் போவது பாவம். அதற்குள் சாளுவன்குப்பம் பார்த்துவிடலாம் என்றார் அக்கா.

மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் இட்லி, வடைகறி. சாப்பிட்டுவிட்டு ஓர் ஆட்டோ பேசினோம்: சாளுவன்குப்பம் போய், பிறகு கிராமத்தில் இறக்கிவிட எண்ணூறு ரூபாய். ஓட்டுநர் திருக்கழுக்குன்றத்துக்காரர். ஊர்ப்பெருமையைக் கேட்கவா வேண்டும்?

"எங்க மலைக்கு டெய்லி ரெண்டு கழுகு வரும்க்கா. குருக்கள் கையால சாப்ட்டுட்டுப் போவும். நானே பாத்துகீறேன்."

"இப்ப வர்றதில்லையே. நீங்க பார்த்தப்ப உங்களுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார் அக்கா.

ஓட்டுநர் விரல்விட்டு எண்ணினார். வண்டி ஒரு வேகத்தடையில் குதித்தது. "பேஜாரா கீதே... எங்க நைனா பாத்ததுக்கா அது. சொல்லிச் சொல்லி நானே பாத்தாமாரி ஆயிடிச்சி."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "அவர் பொய் சொல்லலை சுதா. சாட்சி சொல்றவங்க எல்லாருக்கும் இது நடக்கும்" என்றார். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

சாளுவன்குப்பத்துக்குக் கட்டாயம் போங்கள். புலிக்குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் வடக்கே மணலில் நடந்தால், பள்ளத்துக்குள் ஒரு முருகன் கோயிலின் அடித்தளம் கிடக்கிறது. சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபோது பக்கத்துப் பாறையில் கல்வெட்டு தெரிந்ததாம். இங்கே ஒரு கோயில் இருந்தது, அதற்குக் கொடை கொடுத்தோம் என்று அது சொன்னது. தோண்டினால் கோயில் இருந்தது. மேலே கருங்கல் வேலை, அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் வேலை. பெரிய பெரிய செங்கற்கள், இன்றைக்குச் செய்யும் செங்கல் அதன் பக்கத்தில் பிஸ்கட் போல இருக்கும். பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வரலாற்று மணி அடித்ததும் ஓடிய நானா இது என்று இருந்தது.

"இங்க எழுத்து வழி காட்டிச்சு," என்றார் அக்கா. "நாம போற இடத்துல எழுத்தே கிடையாது. கல்லு, பானை, இரும்பு, மண்ணு, அவ்வளவுதான் சாட்சி. அதுவும் கிடந்த இடத்துல கிடந்தாத்தான் சாட்சி. எடுத்து வச்சுட்டா வெறும் கல்லு."

கிராமத்தை அடைந்தபோது மணி பதினொன்றே கால். ஊரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. புதையல் தேடி இரவில் மண்வெட்டியோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏரிக்கரையிலேயே ஏழுமலை நின்றார். நாற்பது வயதிருக்கும். மறைமலைநகர்ப் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவர். சரிவைக் காப்பாற்ற வேண்டும் என்று அக்காவைத் தேடிப் பிடித்தவரும் இவர்தான்.

"வாங்கக்கா. நாஸ்தா ஆச்சா? எல்லாம் ரெடி பண்ணிகீறோம், பாத்தீங்கன்னா அசந்துடுவீங்க."

அசந்துதான் போனோம். முள் முழுக்க வெட்டிச் சுத்தம் செய்யப்பட்டிருந்தது. நுழைகிற இடத்தில் இரண்டு வாழைமரங்கள். உள்ளே, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல ஒரு வட்டம். பதினாறு கற்கள், ஒன்றுக்கொன்று சம இடைவெளி, ஒன்றுக்குச் சுண்ணாம்பு, அடுத்ததற்குக் காவி. நடுவே மாக்கோலம். நான் கை தட்டிவிட்டேன். உண்மையிலேயே அழகாக இருந்தது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏழுமலை, நான் முள்ளைத்தானே வெட்டச் சொன்னேன்?"

"வெட்டிட்டமேக்கா."

"கல்லை ஏன் தொட்டீங்க?"

"ஒழுங்கே இல்லாம கெடந்திச்சிக்கா. ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய, ஒண்ணு சாஞ்சிகினு. ஆபீசருங்க வந்து பாத்தா இன்னா நெனப்பாங்க? அதான் நடுவுல முளையடிச்சி, கயிறு புடிச்சி, நேர் பண்ணோம். அஞ்சு கல்லு நவுரவே இல்ல. மீதி பதினொண்ணையும் கடப்பாறை போட்டு ரெண்டு நாளா..." அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "தப்பா?"

பெரிய மனிதர் யாராவது வந்தால் பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்து வைப்பது நம் ஊர் வழக்கம். மரியாதைக்காகச் செய்ததுதான். அந்த மரியாதை இப்போது கழுத்தை அறுத்துவிட்டது. அக்கா ஒரு கல்லைத் தொட்டுக் காட்டினார். சுண்ணாம்பு படாத பக்கத்தில் பாதிக் கல் வெயிலில் கறுத்திருந்தது, பாதியில் செம்மண் கறை. காலமெல்லாம் மண்ணுக்குள் இருந்த பாகம் இப்போது வெளியே இருந்தது.

"வர்றவங்களுக்கு இதைப் பார்த்த நிமிஷமே தெரிஞ்சுடும். ஊர்க்காரங்களே கல்லைக் கொண்டுவந்து நட்டிருக்காங்கன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. இதை நம்பலைன்னா மத்த ரெண்டையும் நம்ப மாட்டாங்க."

"அப்ப நவுத்தினத எழுதாதீங்கக்கா. நீங்க சொன்னா ஒத்துக்குவாங்க," என்றார் ஏழுமலை. பிறகு மெதுவாக, "கேசு கீசுன்னு வந்தா கம்பெனில வேலைக்கு ஆபத்துக்கா."

எனக்கும் அதுதான் தோன்றியது. படத்தை எடுப்போம், வாயை மூடுவோம், மண் அள்ளுகிறவன் மட்டும் நியாயமாகவா நடக்கப்போகிறான்? அக்காவின் பிடிவாதத்தின் மேல் கோபம்கூட வந்தது. ஆனால் அவர் அதற்குள் எழுந்துவிட்டார். "நகட்டுனவங்க, கூட இருந்தவங்க எல்லாரையும் கூப்பிடுங்க. முந்தாநாள் நடந்ததுதானே, மண்ணும் மறந்திருக்காது."

ஏழுமலையோடு சேர்த்துப் பத்துப் பேர் கூடினார்கள், ஆண்களும் பெண்களும். அதில் தனலட்சுமி என்பவர் நூறுநாள் வேலையில் முன்னால் நிற்கிறவராம், குரலிலேயே தெரிந்தது. "ஆம்பளைங்க தூக்கிப் போட்டதோட சரி. குழிய மூடி, பெருக்கி, தண்ணி தெளிச்சது நாங்க," என்றார். எந்தக் கல் எங்கிருந்து கிளம்பியது என்று அவரவருக்கு நினைவிருக்கும் இடத்தில் போய் நிற்கச் சொன்னார் அக்கா. நின்ற இடத்தில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியால் மேலாகக் குத்திப் பார்த்தார். கல் இருந்த குழி என்றால் மண் பொலபொலவென்று கம்பியை உள்ளே விட்டது. இல்லாத இடத்தில் சரளை கம்பியைத் தடுத்தது, காய்ந்த புல்லின் வேரும் அறுபடாமல் இருந்தது. அக்கா பென்சிலால் வரைபடத்தில் குறிக்க, நான் படம் எடுத்தேன்.

கிழக்கே ஓர் இடத்தில் ஏழுமலை நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "இது நானே புடுங்கினது. அச்சு பிசகாம இங்கதான்." கம்பி இறங்கவில்லை.

"யோவ், அங்க இன்னாத்துக்கு நிக்கிற? அது நாம சோறு துன்ன எடம்யா," என்றார் தனலட்சுமி.

பெரிய வாக்குவாதம். கடைசியில் அவருக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளிக் கம்பி இறங்கியது. குழியின் ஓரத்தில் கல் பதிந்த வடிவம்கூட இருந்தது. கயிறு பிடித்துத் தரம் பார்த்தவர் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்து நின்றார். ஆட்டோக்காரரின் கழுகு எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆள் சொல்வதும் மண் சொல்வதும் ஒத்துப்போகிற இடத்தை மட்டும் அக்கா அழுத்தமாகக் குறித்தார். பதினோராவது கல் எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை, மண்ணும் காட்டவில்லை. அங்கே ஒரு கேள்விக்குறி போட்டார்.

நான் மேலே பாறையில் ஏறிப் பார்த்தேன். அலங்கார வட்டத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கோணலாக, ஒரு பக்கம் சப்பையாக, பத்துப் பேர் நின்றார்கள். அசையாத ஐந்து கற்களையும் சேர்த்துப் பார்த்தால் அதுதான் உண்மையான வட்டம். கயிற்று வட்டத்தைவிட எனக்கு அது ஆயிரம் மடங்கு பிடித்திருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நின்ற இடத்திலிருந்தே தனலட்சுமி கேட்டார்: "ஏம்மா, கீழ படுத்துகினுகீறது ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியாது. முறையா தோண்டி எலும்பு கிடைச்சா ஒருவேளை சொல்லலாம்."

"எத்தினி வருசமாச்சி?"

"ரெண்டாயிரத்துக்கு மேலேன்னு நினைக்கிறேன். பானை ஓடு பார்க்காம உறுதியா சொல்லமாட்டேன்."

"பேரு?"

"அது எப்பவும் தெரியாது."

தனலட்சுமி செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார். "அப்ப எங்க பேரையாவது எழுதிக்கோ. நாங்கதான் நவுத்தினோம், இங்கேர்ந்துதான் எடுத்தோம்னு." ஏழுமலைதான் முதலில் வந்து கையெழுத்துப் போட்டார்.

கல்லை மறுபடி நகர்த்த வேண்டாம், சுண்ணாம்பைத் தேய்க்கவும் வேண்டாம், மழை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பினார். எங்களுக்காக ஆக்கியிருந்த கோழிக் குழம்பைச் சாப்பிடாமல் விடவில்லை. மாலை நாலு மணிப் பேருந்தில் செங்கல்பட்டு, ஆறுக்கெல்லாம் வீடு.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனியோடு முடித்துக்கொள்ளுங்கள், சித்திரை வெயிலில் சரளைச் சரிவில் நிற்க முடியாது. முள் ஏறாத செருப்பும் இரண்டு லிட்டர் தண்ணீரும் வேண்டும். மாமல்லபுரத்தில் கூட்டத்தோடு சுற்றிய பிறகாவது சாளுவன்குப்பத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செங்கல்பட்டைச் சுற்றி வேறு கல்வட்டங்களும் உண்டு, எங்கே என்று ஊர்க்காரர்களைக் கேட்டே போங்கள், காட்டுவார்கள். பானை ஓடு கண்ணில் பட்டால் படம் எடுங்கள், பையில் போடாதீர்கள். சாய்ந்த கல்லைப் பார்த்துக் கை பரபரத்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அதிகாரிகள் வந்தார்கள். சுண்ணாம்பைப் பார்த்ததும் முகம் சுளித்தவர்கள், அக்காவின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குழி குழியாகக் குத்திப் பார்த்தார்களாம். "நான் தப்பா நின்ன எடத்தையும் காட்டினேன்க்கா," என்று ஏழுமலை போனில் சொன்னார். கேஸ் எதுவும் இல்லை. அந்தச் சரிவை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கும்படி மண் கேட்டவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அறிக்கையின் நகல் ஒன்றை அக்கா எனக்கும் கொடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தில், கற்களை நகர்த்தியவர்கள் என்ற தலைப்பின் கீழ் பத்துப் பெயர்கள், பத்துக் கையெழுத்துகள். அதற்கு மேல், கற்களை நட்டவர்கள் என்ற இடத்தில், அக்கா ஒரே ஒரு சொல்தான் எழுதியிருக்கிறார்: தெரியவில்லை.