மொச்சைக்கொட்டையை விழுங்கியவர்

என் அண்ணன் மொச்சைக்கொட்டையை விழுங்கிவிட்டார். மெல்லவில்லை, துப்பவில்லை, முழுசாக விழுங்கினார். தவறிப்போய் உள்ளே இறங்கிவிட்டது என்று சொல்வார். பொய். வேண்டுமென்றேதான் விழுங்கினார்.

ஒரு கொட்டைக்கா இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் அப்பா புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அந்த வீட்டில் ஒரு கேக் செய்வார்கள். அதற்குள் ஒரே ஒரு பயறு ஒளிந்திருக்கும். யாருடைய துண்டில் அது வருகிறதோ அவர் அன்றைக்கு ராஜா. அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் கேக் சுட வழியில்லை, இட்லிப் பானைதான் இருந்தது. அதனால் கேக் கொழுக்கட்டையானது, பயறு மொச்சைக்கொட்டையானது. கிறிஸ்துமஸ் கேக் வந்த அட்டைப் பெட்டியை வெட்டிக் கிரீடம் செய்தார். கூடவே ஒரு சட்டமும் போட்டார். ராஜா யாரோ, அடுத்த வருஷத் திருநாள் அவர் வீட்டில்.

அப்பா போய்விட்டார். சட்டம் போகவில்லை. அண்ணன், நான், தங்கை, எல்லாருடைய குடும்பமும் சேர்த்தால் பதினான்கு பேர். திருநாள் என்றால் குடில் ஜோடிப்பது, ஆட்டுக்கறிக் குழம்பு, பதினான்கு இலை, கடைசியில் கொழுக்கட்டை. யார் வீட்டில் திருநாளோ அந்த வீட்டுக்காரி எல்லாரும் கை கழுவிய பிறகு, அடுப்பங்கரையில் நின்றுகொண்டே குண்டானை வழித்துச் சாப்பிட வேண்டும். நான் மூன்று வருஷமாக நின்றுகொண்டு சாப்பிடுகிறேன்.

முதலில் கொட்டை எனக்கு வந்தது. சரி, அது விதி. மறு வருஷம் என் மகளுக்கு வந்தது. அதற்கடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு. அவர் உப்பளத்தில் மேஸ்திரி. அங்கே முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், லாட்டரி விழுந்த மாதிரி கொட்டையை மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவருக்கு இன்று வரை தெரியாது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், பொம்மையார்பாளையத்தில் என் அண்ணன் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, அண்ணி பரிமாற, சூடாகச் சாப்பிட வேண்டும்.

இந்த வருஷத் திருநாளும் என் வீட்டில்தான். குடிலுக்குப் பனி வேண்டும் என்று வீட்டுக்காரர் பஞ்சுக்குப் பதில் ஒரு மூட்டை உப்பைக் கொட்டி வைத்திருந்தார். மார்கழிக் காற்றுக்கு உப்பு கசிந்து, ராஜாக்கள் வருகிற நேரத்தில் பெத்லகேம் முழுக்கத் தண்ணீர். ஒட்டகங்கள் முட்டியளவு உப்புத் தண்ணீரில் நின்றன. கழுதைக்குச் சாயம் போய்விட்டது. அண்ணன் உள்ளே வந்ததும் குடிலைப் பார்த்தார்.

"ஏம்மா, ராஜாங்க போட்ல வந்தாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருக்கட்டும், இன்றைக்கு உனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குழம்பு முடிந்து கொழுக்கட்டை பரிமாறினேன். அண்ணன் எப்போதும் ஒரு கொழுக்கட்டையை இரண்டு வாயில் முடிப்பார். இந்த முறை இரண்டாம் வாயில் தாடை நின்றது. கண் உருண்டது. என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"என்னாங்க?" என்றார் அண்ணி.

"வெல்லம் தூக்கலா இருக்குது."

கொழுக்கட்டை தீர்ந்தது. யாருக்கும் கொட்டை வரவில்லை. பிள்ளைகள் இலைகளைப் புரட்டினார்கள். தங்கை இட்லிப் பானைக்குள் தலையை விட்டுத் தேடினாள். தெரு நாயின் மேல் கூடச் சந்தேகம் வந்தது. அது பாவம், எலும்போடு சந்தோஷமாக இருந்தது.

"அக்கா, நீ கொட்டை வெச்சியா இல்லியா?" என்றாள் தங்கை.

எனக்குப் பொறுக்கவில்லை. "வெச்சேன். அண்ணன் முழுங்கிட்டாரு."

"நானா? நான் எதுக்கும்மா முழுங்கப் போறேன்?"

"அடுத்த வருஷம் உன் வூட்ல வெக்கணும்னு பயந்துதான்."

"சும்மா ஏன் சண்ட?" என்றாள் தங்கை. "நாளைக்குக் காலையில தானா தெரிஞ்சிடும்."

"சாப்பிடுற எடத்துல பேசுற பேச்சாடி இது?" என்றார் அண்ணி.

அண்ணன் துண்டால் நிதானமாக வாயைத் துடைத்தார். "பதினாலு பேர் சாப்பிட்டோம். அது என் எலையிலதான் வந்துச்சுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

நான் குனிந்து இலைகளை மடிக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு ஏதோ புரிந்தது.

ஆமாம். அந்தக் கொழுக்கட்டையின் தலையில் ஸ்பூன் காம்பால் ஒரு கோடு போட்டிருந்தேன். பார்த்து எடுத்து அண்ணன் இலையில் நானேதான் வைத்தேன். மூன்று வருஷம் நின்றவள் வேறு என்ன செய்வாள்?

நான் குனிந்த தலை நிமிராததைப் பார்த்து அண்ணன் தீர்ப்பே சொல்லிவிட்டார். "யாருக்கும் வரலைன்னா இப்ப இருக்கிற வூட்லயே இருக்கட்டும். அப்பா இருந்தா அதத்தான் சொல்லியிருப்பாரு." அப்பா அப்படி எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. எப்போதும் ராத்தங்கி மறுநாள் போகிற அண்ணன், அன்று பொழுது சாயுமுன்பே அண்ணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தங்கை சொன்னது அவருக்கு உறைத்திருக்கிறது. சாட்சியை வயிற்றோடு கொண்டுபோய்விட்டார்.

என் பங்குக்கு நான் கோவிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். சாமியார் முதலில் அமைதியாகக் கேட்டார். ஸ்பூன் கோடு வந்ததும் தட்டிக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம். அது இருமல் இல்லை, எனக்குத் தெரியும். பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். அப்புறம் மெதுவாக, "கொழுக்கட்ட மிச்சம் இருக்காம்மா?" என்றார்.

என் கணக்குத் தீர்ந்தது. அண்ணனுடையது தீரவில்லை. அவர் அவருடைய ஊர்க் கோவிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் மைக் பிடித்து அறிவிப்பு வாசிக்கிற ஆள். தவக்காலம் வருகிறது, எல்லாரும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராகுங்கள் என்று ஊருக்கே சொல்கிறார். குரல் நடுங்குவதே இல்லை.

அண்ணா, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அங்கே வருகிறேன். முதல் வரிசையில் உட்காருவேன். நான் கோடு போட்டதை இங்கே எழுத்திலேயே ஒத்துக்கொண்டேன், அதை வேண்டுமானால் நீ முதலில் வாசி. வாசித்துவிட்டு மைக்கை அணைக்காமல், அண்ணியும் ஊர்ச்சனமும் கேட்க, நீ பதில் சொல்ல வேண்டும்: விழுங்கினாயா, இல்லையா?