ஜெராக்ஸ் கடை லூர்து அண்ணனும் அம்மாவின் கார்டும்

லூர்து அண்ணன் போய்விட்டார். காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது தெரு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது... தூக்கத்திலேயே, என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

ஹைதராபாத்தில், மல்காஜ்கிரி ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் ரயில்வே குடும்பம். அவர் தமிழில் பாதி ஹைதராபாத் உருது இருக்கும்; வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ்.

எழுபது வயதானவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீட்டு கார்டு வந்த பிறகு, அவர் கடையில் நிற்கவே இடம் கிடையாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் எப்போதும் யாராவது ஒரு பெரியவர்.

முகத்தைச் சரிபார்க்க, போன் கேமராவைப் பார்த்துக் கண்ணை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். நானும் அம்மாவும் வரிசையில் இருந்த அன்று ஒருவர் மூடினார்... திறக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனார்.

அண்ணன் எழுப்பவில்லை. வெயில் அவர் முகத்தில் படாமல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிட்டார், அவ்வளவுதான். ஆபீஸ் கால் இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த எனக்கே கண் சொக்கியது. ஒரு ரயில் மெதுவாகப் போனது.

பிறகு என் அம்மாவின் முறை வந்தது...

அம்மாவுக்கு எழுபத்திரண்டு. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அவர் காலமான பிறகும் அம்மாவுக்கு ரயில்வே மெடிக்கல் கார்டு உண்டு. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு ஆட்டோ மாற வேண்டும். புதுக் கார்டு இருந்தால் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், ஏ.எஸ்.ராவ் நகரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வேறு அரசுத் திட்டத்தில் இருந்தால் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், மாறிவிட்டால் திரும்ப முடியாது என்றார் அண்ணன். தெரியும், மாற்றுங்கள் என்றேன்.

ஆதார் என் கையில். ஓடிபி என் போனுக்கு. சம்மதம் என்ற கட்டத்தையும் நானே டிக் செய்தேன். கண் சிமிட்ட மட்டும்தான் அம்மா.

அண்ணன் போனை அம்மா முகத்துக்கு நேரே தூக்கினார்... இறக்கிவிட்டார்.

"நக்கோ மா. அக்காவைக் கேட்டீங்களா?" என்றவர், அம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எது வேணும்க்கா?"

அம்மா தண்டவாளத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு கனவில் பேசுகிறவள் மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஆஸ்பத்திரி மரத்தடியில் மாதம் ஒருநாள், அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் மனைவிமார் நாலு பேர் சேர்ந்து உட்காருவார்களாம். ஒருத்தி புளிசாதம் கொண்டு வருவாளாம். மருந்து கவுண்டரில் இன்னமும் அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம்.

"அவரு பேரை யாராச்சும் சத்தமா சொல்றது இப்ப அங்க மட்டும்தான் தம்பி."

எனக்கு இது எதுவுமே தெரியாது... ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

அண்ணன் போனில் திறந்திருந்த அந்தப் பக்கத்தையே மூடிவிட்டார். எனக்குக் கோபமான கோபம். ராத்திரி அவசரம் என்றால் யார் ஓடுவது என்று கடை வாசலிலேயே சத்தம் போட்டேன்.

"ஹவ் மா, நீங்கதான் ஓடுவீங்க," என்றார், கொஞ்சமும் முகம் மாறாமல். "உடம்பு அக்காவோடது இல்லையா?"

அதற்கப்புறம் ஜெராக்ஸுக்கு வேறு கடைக்குப் போனேன். சின்னப் புத்தி. வழியில் பார்த்தால் அவர் கையைத் தூக்குவார், நான் போனைப் பார்ப்பேன். அம்மா அதே பழைய கார்டோடு, மாதம் ஒருநாள் தலைவாரி, பூ வைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள்.

இன்று அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுப்பை அணைத்தாள்.

"உங்கப்பாவும் என்னை எதுவும் கேட்டதில்ல. நீயும் கேட்டதில்ல. அந்தத் தம்பி கேட்டாரு," என்றாள்.

புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கிளம்புகிறோம்.

மன்னிச்சிருங்க அண்ணா... போயிட்டு வாங்க.