கேட்டை எடுத்த முதல் நாள்

எனக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் நின்றால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தே போய்விடலாமே என்று கால் துறுதுறுக்கும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் இருப்பவரின் பையை நானே பிடுங்கித் தராசில் வைத்துவிடலாம் போலிருக்கும். இப்படிப்பட்டவளை ஓசூருக்குக் கொண்டுவந்து, தினமும் காலையில் ஒரு ரயில்வே கேட்டின் முன்னால் நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும்? அந்தக் கேட்டை நான் திட்டாத நாளில்லை.

அப்போது நாங்கள் மத்திகிரியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு ஒரு மெஷின் ஷாப்பில் நைட் ஷிஃப்ட், அதுவும் பன்னிரண்டு மணி நேரம். எனக்குக் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் காலை ஷிஃப்ட், அதற்கு மேல் ஓ.டி. நான் வீடு திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார். அவர் திரும்பும்போது நான் கிளம்பியாக வேண்டும். நடுவில் மூன்று வயது மகள். சாயங்காலம் அவளைக் கீழ்வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார். காலையில் அவளைக் கைமாற்றிக்கொள்வதை வழியிலேயே வைத்துக்கொண்டோம். அரைத் தூக்கத்தில் இருப்பவளை ஷேர் ஆட்டோவில் தூக்கி வந்து கேட்டில் இறங்குவேன். அவர் ஷிஃப்ட் முடித்துப் பைக்கில் அங்கே வந்து நிற்பார். எங்கள் கம்பெனி வேன் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். இந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொள்ள டிரைவருக்கு மனமில்லை. பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டிப் போய் நான் வேன் ஏற வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பெனியில் எங்கள் லைனில் வேலை பார்க்கும் பாதிப் பேர் வீட்டில் இதுதான் ஏற்பாடு. டீக்கடை வாசலிலோ பெட்ரோல் பங்கிலோ, எங்காவது பாதி வழியில் பிள்ளை கைமாறும்.

நான் தாண்டப் போகும் நேரம் பார்த்துத்தான் கேட்டு விழும். அவர் இந்தப் பக்கம் வந்திருப்பார், வேன் அந்தப் பக்கம் நிற்கும், நான் நடுவில் மாட்டிக்கொள்வேன். ராயக்கோட்டைத் தக்காளி ஏற்றிய டெம்போக்களும் பைக்குகளும் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கமும் அப்படியே அடைத்திருக்கும். திறந்ததும் இரண்டு படையும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் திட்டிக்கொள்ளும். மூன்றிலும் எனக்கு நன்றாகத் திட்ட வருவது அந்தக் கேட்டு போட்ட புண்ணியம்.

ரயில் வரும்வரை என் கணவர் மகளைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்து, பன்னை டீயில் தோய்த்து ஊட்டுவார். ராத்திரி எந்த மெஷின் படுத்தது, யார் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்குச் சொல்வார். மகள் அவர் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளேயிருந்து கத்துவாள். நான் சிக்னலையே பார்த்துக்கொண்டு 'ம்' கொட்டுவேன். அவர் சொன்னதில் பாதி எனக்குக் காதில் விழுந்ததே இல்லை.

பக்கத்திலேயே பாலம் வேலை நடந்தது. தூண் எழும்பியது, வேலை நின்றது, மறுபடி எழும்பியது. தெருவெல்லாம் புழுதியைத் திட்டியபோது நான் மட்டும் எப்போது முடியும் என்று மேஸ்திரிகளைப் பிடுங்கி எடுத்தேன். அந்த நேரத்தில் கம்பெனியில் கான்ட்ராக்ட் பெண்களில் சிலரைப் பர்மனென்ட் செய்யப் போவதாகப் பேச்சு வந்தது. என் பெயரும் அதில் இருந்தது. ஆனால் அந்த மாதம் கேட்டில் மாட்டிக்கொண்டு நான் ஏற்கெனவே லேட் வாங்கியிருந்தேன். இன்னொரு தடவை லேட்டானால் பெயரை அடித்துவிடுவேன் என்று லைன் லீடர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஆகவே நாளையிலிருந்து பாலத்தைத் திறக்கிறார்கள், கேட்டை நிரந்தரமாக மூடிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. எங்கே நிற்பது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டு இருந்தவரை அதைப் பேச வேண்டிய தேவையே எங்களுக்கு வந்ததில்லை.

மறுநாள் காலை ஆட்டோக்காரரிடம் வழக்கம்போல் கேட்டு என்றேன்.

"கேட்டா? இனிமே ஏதுக்கா கேட்டு?" என்று சிரித்துக்கொண்டே அவர் பாலத்தில் ஏற்றினார். ஏறிய பிறகு நிறுத்த இடமில்லை. நடுவில் இடுப்புயரத் தடுப்புச் சுவர். இறங்கி நடக்கப் படிக்கட்டும் இன்னும் கட்டவில்லை. உச்சியில் போகும்போது மகள் என் மடியிலிருந்து எம்பி, "அப்பா, அப்பா" என்று கத்தினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் பைக் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாக நிற்கும் பக்கத்தில் நான் இருப்பேன் என்று நினைத்திருக்கிறார். ஹெல்மெட்டுக்குள் இருப்பவருக்குக் குழந்தையின் குரல் எங்கே கேட்கப் போகிறது?

வேன் நிற்கும் பக்கத்தில் இறங்கிப் போன் போட்டேன். பிஸி. மறுபடி போட்டேன், மறுபடி பிஸி. அவரும் அதே நேரத்தில் எனக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நின்றிருப்பார்கள். நான் எதிரே வந்த ஆட்டோவைக் கைகாட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி பாலம் ஏறினேன். அவரும் என்னைத் தேடிப் பைக்கைத் திருப்பிவிட்டார். உச்சியில் மறுபடி கடந்தோம். இந்தத் தடவை அவரும் பார்த்துவிட்டார். ஒரு கையை ஹேண்டில் பாரிலிருந்து எடுத்து ஏதோ சைகை காட்டினார். மகள் அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

திரும்ப வீட்டுப் பக்கம் இறங்கியபோது போன் அடித்தது.

"நீ எங்கயும் போவாத. அங்கியே நில்லு, நான் வர்றன்."

நின்றேன். சற்றுத் தள்ளி, பழைய ரோடு தண்டவாளத்தருகில் முடிந்துபோயிருந்தது. கேட்டு இருந்த இடத்தில் தண்டவாளத் துண்டுகளை நட்டு அடைத்திருந்தார்கள். அதைப் பார்த்து ஒரு சந்தோஷமும் எனக்கு வரவில்லை. கம்பெனியில் வருகைக்குக் கார்டு பஞ்ச் செய்யும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

அவர் வந்ததும் மூன்று பேருமாக ஒரே பைக்கில் பாலம் ஏறினோம். வழியெல்லாம் அவரை வறுத்தெடுத்தேன்: வேன் எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரியாதா, ஒரு இடத்தில் நின்று தொலைக்கக் கூடாதா? நிற்காமல் ஓடியது நான்தான் என்று அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம். ராத்திரியெல்லாம் நின்று வேலை பார்த்த மனுஷன், வேனைப் பிடிக்க ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். வேன் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். பைக் நிற்பதற்கு முன்பே குதித்தேன். மகள் என் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பி, அழுகைக்கு நடுவே சொன்னாள்:

"அப்பா, கேட்டு போடச் சொல்லுப்பா. கேட்டு போட்டாத்தான் அம்மா நிக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஓடிப் போய் வேனில் ஏறிவிட்டேன்.

பஞ்ச் சரியான நேரத்தில் விழுந்தது. என் பெயரை யாரும் அடிக்கவில்லை, பர்மனென்டும் ஆகிவிட்டேன். வயர்களைப் பிரித்து டேப் சுற்றும்போதெல்லாம் அன்று முழுக்க அவள் விரல்கள்தான் கையில் பட்டுக்கொண்டிருந்தன. வாரம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்தது அந்தக் கேட்டின் முன்னால் மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதையும் நான் சிக்னலைப் பார்த்தே கழித்திருக்கிறேன்.

பாலத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆம்புலன்ஸ் நிற்காமல் போகிறது, ஸ்கூல் பஸ் நிற்காமல் போகிறது. எங்கள் வேனும் இப்போது பாலம் தாண்டித் தெருமுனைக்கே வருகிறது. நாலு தெரு சுற்றி ஆள் ஏற்ற வேண்டியிருப்பதால் முன்னைவிடச் சீக்கிரமே வந்துவிடுகிறது. அவர் வந்து சேரும்வரை கீழ்வீட்டுக்காரம்மாவே பிள்ளையை வைத்துக்கொள்கிறார். அதற்கு அந்தம்மாவைக் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன்.

வேன் பாலம் ஏறியதும் ஜன்னலை நகர்த்திவிட்டு எதிரே வரும் ஹெல்மெட்டுகளைப் பார்ப்பேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அவர் எது என்று தேடுவதற்குள் வேன் இறங்கிவிடும். போன வாரம் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டேன். கையை வெளியே நீட்டி ஆட்டினேன். அவரும் பார்த்துவிட்டார், பைக்கின் வேகம் கொஞ்சம் குறைந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அவர் போய்விட்டார்.