டைனமோவுக்குப் பூசிய சந்தனம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ரிக்‌ஷாக்களுக்கு நடுவே வாடகை மோட்டார்கள் ஓடத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. என் பக்கத்து வீட்டுக்காரர், யாரோ ஓட்டித் தேய்த்த பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிவந்தார். உரிமத்தைப் புதுப்பிக்க, வியாழக்கிழமை காலை அதைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். விளக்கு எரியாவிட்டால் உரிமம் கிடையாது. அவருக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

விளக்குகளோ மின்மினி போல மங்கியிருந்தன. என்ஜின் ஓடும்போது டைனமோ பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும். அதைக் காட்டும் முள் அசையவே இல்லை. நூலகத்துப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, பழைய வயர்களே காரணம் என்று அடித்துச் சொன்னேன். ஞாயிறும் திங்களும் இருவருமாக எல்லாவற்றையும் மாற்றினோம். முள் அப்படியே கிடந்தது.

புதன்கிழமை மதியம், தேக்காவில் பேட்டரிக் கடை வைத்திருந்த நாகூர்க்காரரை அழைத்துவந்தோம். எங்கள் எல்லாருக்கும் அவர் 'நானா', அண்ணன்.

"எப்பலேர்ந்து இப்படி?" என்றார்.

நாட்குறிப்பைப் புரட்டினேன். "போன வெள்ளிக்கிழமையிலேர்ந்து, நானா. ஆயுத பூசைக்கு மறுநாள்."

அவர் டைனமோவின் மூடியைக் கழற்றினார். உள்ளே சுழலும் செம்பு உருளையை இரண்டு கரித்துண்டுகள் உரசி நிற்க வேண்டும். இரண்டும் தத்தம் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"சந்தனம்!"

பூசையன்று, ஒரு பாகமும் விடுபடக்கூடாதென்று மூடியைத் திறந்து உள்ளேயும் பூசியவன் நான்தான். ஒப்புக்கொண்டேன்.

"வயர் மேல பழியப் போட்டு, ரெண்டு நாளா என் முதுக ஒடிச்சீங்களே, அண்ணே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"விடுங்க தம்பி," என்று நானா சிரித்தார். "பெட்ரோல் தொட்டியில தீர்த்தம் ஊத்தாம விட்டாரே!"

கரித்துண்டுகளைப் பெட்ரோலில் கழுவி, செம்பை உப்புத்தாளால் தேய்த்தார். செம்பின் இடுக்குகளை மூங்கில் குச்சியால் சுரண்டும் வேலை எனக்கு. கைப்பிடியைச் சுழற்றி என்ஜினைக் கிளப்பியதும் முள் துள்ளி எழுந்தது.

"நிறுத்தாம ஓட்டுங்க. ஓட ஓடத்தான் பேட்டரி நெறையும்."

கிராஞ்சி வரை ரப்பர்த் தோட்டங்களினூடே ஓட்டிப்போய், பொழுது சாயுமுன் திரும்பினோம். வழிநெடுக இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அதிகாரி விளக்குகளின் முன் குனிந்து, கையால் வெயிலை மறைத்துப் பார்த்தார். நிமிர்ந்து கையெழுத்திட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க அண்ணே, ஆபீஸ்ல விட்டுர்றேன். எதையும் தொடாம மட்டும் உக்காருங்க."